முப்பது விநாடி அமைதி

நவம்பர் மாதத்து விடியற்காலை நான்கரை மணி. உறைபனியில் விறைத்த கேபிள்களைத் தோளில் சுற்றிக்கொண்டு விளக்குக்காரர்கள் கப்பல்துறைப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கையுறை போட்டால் திருகாணி பிடிபடாது, கழற்றினால் விரல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். ஒருவன் ரப்பர் குழாயால் கல்தரையை நனைத்தான், கேமராவில் பளபளக்க வேண்டுமாம். தரை முடிந்ததும் மனிதர்களை நனைத்தான். கூட்டமாக நிற்க வந்த முந்நூறு பேர், பழைய காலத்துக் கம்பளிக் கோட்டோடு வரிசையாக வந்து, தோளில் தண்ணீர் வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே வேலைநிறுத்தம் நடந்த நாளில் மழை பெய்ததாகக் கதை.

என் பெயர் இன்ஸா. ஒலிப்பதிவாளர். பதினேழு வருஷமாக மற்றவர்கள் நெஞ்சில் மைக் ஒட்டி, அவர்கள் மூச்சைக் கேட்டுப் பிழைக்கிறேன். அதில் மூன்று வருஷம் இந்தத் தொலைக்காட்சித் தொடரில். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன்.

ஹின்ரிக் என்ற துறைமுகத் தொழிலாளர் தலைவன்தான் கதாநாயகன். நடிப்பவன் வோல்க்மார். தயாரிப்பு நிறுவனத்தில் பாதியும் அவனுடையது. ஞாயிறு மாலையானால் நாடே அவன் முன்னால் உட்கார்ந்திருக்கும். இந்த ஊரில் அவனை யாரும் வோல்க்மார் என்பதில்லை, ஹின்ரிக்தான். ரொட்டிக்கடைக்காரி அவனிடம் காசு வாங்க மாட்டாள். வாடகை உயர்வை எதிர்த்து மனு எழுதியவர்கள் அதை நகராட்சிக்கு அனுப்பாமல் இவன் கையில் கொடுத்தார்கள். இவனும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். ஒரு வாரம் கழித்து அந்த மனு ஒப்பனை வேனில் காபிக் கோப்பைக்கு அடியில் கிடந்தது. நான் பார்த்தேன், பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். முதல் வருஷம் அவன் பேச்சைப் பதிவு செய்தபோது ஹெட்போனை மாட்டிக்கொண்டு அழுதவளும் நான்தான்.

மெனோ விளக்குப் பிரிவில் வேலை செய்தவன். இருபத்தெட்டு வயது. பாக்கெட்டில் எப்போதும் உப்பு மிட்டாய் வைத்திருப்பான், கேட்காமலே கொடுப்பான். முந்தாநாள் வேலை முடிய இரவு பத்தே முக்கால் ஆனது. மறுநாள் ஐந்து மணிக்கு வந்து நிற்க வேண்டும், வீடோ அறுபது கிலோமீட்டர். வழியில் தூங்கிப்போய்க் காரோடு வாய்க்காலில் இறங்கிவிட்டான். இடுப்பெலும்பு மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது. ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவே பதினொரு மணி நேரம் ஓய்வு வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். மூன்று வாரமாக எங்களுக்கு ஆறு மணி நேரம்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. நேற்று வோல்க்மார் ஆஸ்பத்திரிக்குப் போய் மெனோவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தான். இன்றைய பத்திரிகையில் அந்தப் படம் முதல் பக்கத்தில் வந்திருந்தது.

ஆறு மணிக்கு ஒப்பனை வேனில் வோல்க்மாருக்கு மைக் ஒட்டினேன். ஒட்டி முடித்தும் வெளியே வரவில்லை. விளக்குப் பிரிவுத் தலைவர் ஹார்மும், உடைப் பிரிவு நெர்மினும் என்னோடு உள்ளேயே நின்றார்கள்.

"என்ன செல்லங்களா, மூணு பேரும் மொத்தமா வந்திருக்கீங்க? ஹார்ம், உனக்கு கண்ணு ரெண்டும் உள்ள போயிடுச்சு, உக்காரு" என்றான் வோல்க்மார். எல்லோரையும் நீ என்பான், தன்னையும் நீ என்று கூப்பிடச் சொல்வான். முதலாளியை நீ என்று கூப்பிடும் சுகத்துக்காகவே எங்களில் பாதிப் பேர் அவனுக்காகச் செத்துக்கொண்டிருந்தோம்.

"பதினொரு மணி நேரம் வேணும் வோல்க்மார்" என்றார் ஹார்ம். "இன்னைலேர்ந்து."

"மெனோவுக்காக ராத்திரி முழுக்க அழுதேன் தெரியுமா?"

"அழ வேண்டாம்" என்றாள் நெர்மின். "சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள விட்டுடு, போதும்."

"ஹின்ரிக் அப்படித் தூங்கப் போயிருந்தா இந்தத் துறைமுகம் என்னாயிருக்கும் நெர்மின்?"

"ஹின்ரிக்னு ஒருத்தனே இல்ல" என்றேன் நான்.

"இல்லையா? வெளிய எட்டிப் பாரு இன்ஸா. முந்நூறு பேரு குளிர்ல நிக்கிறாங்களே, யாருக்காக?" குரலைத் தாழ்த்தினான். அந்தக் குரல் முதுகைத் தடவிக் கொடுக்கும். "இன்னும் ஒம்போது நாள். ஒரு குடும்பம் ஒம்போது நாள் தாங்காதா? முடியாதவங்க போகலாம், கோவிச்சுக்க மாட்டேன். உங்க எடத்துக்கு வர ஆளு காத்துக்கிட்டு நிக்குது. ஆனா நீங்க போனா என் மனசு ஒடஞ்சிடும்."

சொல்லிவிட்டு எங்களை ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்தான். ஹார்மின் தோள் குலுங்கியது. வெளியே வந்தபோது மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். கேட்டது கிடைக்கவில்லை, மிரட்டலும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம், ஆனாலும் சிரித்தோம். அதை நினைத்தால் அவனைவிட என் மேல்தான் எனக்கு அருவருப்பு.

என் ஒலிவண்டி அருகே வில்கோ காத்திருந்தார். கூட்டத்தில் நிற்கிறவர், எழுபது வயது. இதே துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். கையில் பழைய தொழிற்சங்க அட்டை.

"பொண்ணே, இதுல ஹின்ரிக்கோட கையெழுத்து வாங்கித் தருவியா? அவரு பக்கத்துல போனா எனக்கு வாய் வர மாட்டேங்குது."

சரி என்று சொல்லிக்கொண்டே ஹெட்போனை மாட்டினேன். வோல்க்மாரின் மைக் திறந்தே இருந்தது. நெஞ்சில் மைக் இருப்பதை நடிகர்கள் மறந்துபோவார்கள். கழிப்பறைக்குப் போவார்கள், மனைவியைத் திட்டுவார்கள். எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு, காதில் விழுந்தது வாய்க்கு வரக் கூடாது. ஒலியைக் குறைக்கும் குமிழுக்குப் போன என் கை அன்று பாதியில் நின்றது. இரண்டாவது ஹெட்போனை என்னோடு வந்த ஹார்மிடம் நீட்டினேன். அவர் அதன் ஒரு பக்கத்தை வில்கோவின் காதுக்குச் சாய்த்துக் கொடுத்தார்.

"ஆஸ்பத்திரிப் படம் பிரமாதம்யா" என்று தயாரிப்பு நிர்வாகியிடம் சொல்லிக்கொண்டிருந்தான் வோல்க்மார். "அவன் பேரென்ன, மெனோவா? நான் கடைசி வரைக்கும் மார்ட்டின்னே கூப்பிட்டேன். அவனும் தலையாட்டிக்கிட்டே கெடந்தான்." சிரிப்பு. "விபத்துக்குச் சொந்தக் கவனக்குறைவுன்னு எழுதிடு. இன்னைக்கும் ராத்திரி பத்து மணி வரைக்கும் போலாம்."

"விளக்குக்காரங்க மொறைப்பாங்களே" என்றான் நிர்வாகி.

"இப்பதான் கட்டிப்புடிச்சு அனுப்பினேன், ஒரு வாரம் தாங்கும். வெளிய நிக்கிற கெழடுங்களுக்கு அதுகூட வேணாம். ஒரு கரண்டி சூப் ஊத்து, நாள் பூரா நனைஞ்சுக்கிட்டே நிக்கும்."

ஹார்ம் ஹெட்போனைக் கழற்றி வண்டி மேல் வைத்தார். வில்கோ அட்டையை உள்பாக்கெட்டில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"இந்த அட்டைய வாங்கின வருஷம் நாங்க நாப்பத்தொரு நாள் வேலைக்குப் போகல. இதுல போய் அவன் கையெழுத்தக் கேட்டனே." காறித் துப்பினார். "காட்சி முடிஞ்சதும் எங்கள அசையாம நிக்கச் சொல்லுவியே, இன்னைக்கும் அது உண்டா?"

"உண்டு."

"அத முடிச்சு வைக்கிறது யாரு?"

"நான்தான்."

தலையாட்டினார். பிறகு சூப் வரிசைக்குப் போனார், ஹார்ம் விளக்குக்காரர்களிடம் போனார். அந்த வரிசை அன்று வழக்கத்தைவிட மெதுவாக நகர்ந்தது. ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எட்டு மணிக்குக் காட்சி. வோல்க்மார் பெட்டி மேல் ஏறினான்.

"தோழர்களே, எந்திரத்துக்கு எண்ணெய் விட நேரம் ஒதுக்குகிறார்கள். மனிதன் கண்ணை மூட நேரம் கேட்டால் துரோகி என்கிறார்கள். நாம் எந்திரத்தைவிடக் கேடா?"

முந்நூறு வாயும் திறந்தன. சத்தம் வரவில்லை. அவன் குரல் தெளிவாகப் பதிய வேண்டும் என்பதால் கூட்டம் ஓசையில்லாமல்தான் ஆர்ப்பரிக்க வேண்டும், கை கையில் படாமல் தட்ட வேண்டும். மூன்று வருஷமாகப் பார்த்த காட்சிதான். ஒன்றை மறைக்க மாட்டேன், அத்தனையும் கேட்ட பிறகும் அவன் பேச்சில் என் கை மயிர் சிலிர்த்தது.

காட்சி முடிந்தது. இனி என் முறை. அந்த இடத்தின் வெறும் ஓசையை முப்பது விநாடி பதிவு செய்வேன், பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே பின்னால் ஒட்டுவதற்கு. அதுவரை இயக்குநரானாலும் முதலாளியானாலும் நின்றபடியே நிற்க வேண்டும். நான் நன்றி சொன்னால்தான் எல்லோருக்கும் விடுதலை.

"இடத்தோட ஓசை. யாரும் அசையாதீங்க" என்றேன்.

முப்பது விநாடி போனது. நான் வாய் திறக்கவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். கடற்காகம் கத்தியது. நனைந்த கோட்டுகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. வோல்க்மாரும் பெட்டி மேல் கையை உயர்த்தியபடியே நின்றான், அவனுக்கும் பழக்கம் அப்படி.

"இன்ஸா, முடிஞ்சுதா?"

"இல்ல. பதினொரு மணி நேரம் ஆகும்."

சிரித்தான். யாரும் கூடச் சிரிக்காததைக் கண்டு கீழே இறங்கினான். "சரி, போதும், கலைங்க" என்றான் நிர்வாகி. ஒருவரும் அசையவில்லை. விளக்குக்காரர்கள் விளக்கடியில், உடைக்காரர்கள் கோட்டுக் குவியலருகே, முந்நூறு பேரும் ஈரக் கல்லின் மேல். வோல்க்மார் கைகளை விரித்துக்கொண்டு நேராக வில்கோவிடம் போனான். மூன்று வருஷமாக ஒவ்வொரு காட்சியிலும் அவனுடைய இடது தோளுக்குப் பின்னால் நின்றவர் அவர்தான். கட்டிப்பிடித்தான். அவர் கை தொங்கியபடியே இருந்தது.

"என் பேரென்ன?" என்று கேட்டார் வில்கோ.

வோல்க்மார் அவர் தோளைத் தட்டிவிட்டு அடுத்தவரிடம் போனான்.

"என் பேரென்ன?" என்றாள் அந்தப் பெண்.

அதற்கடுத்தவரும் அதையே கேட்டார். அந்தக் குரல் அன்று அவனுக்கு உதவவில்லை. ஹார்மிடம் வந்தபோது மட்டும் முகம் தெளிந்து, "ஹார்ம்" என்றான்.

"எனக்கு மார்ட்டின்னு பேரு" என்றார் ஹார்ம்.

வோல்க்மாரின் கை தன் நெஞ்சுக்குப் போய் மைக்கைத் தொட்டது. நான் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணைத் தாழ்த்தவில்லை.

நிர்வாகி போனில் வக்கீலைக் கூப்பிட்டான். எங்கள் எல்லோருக்கும் பதிலாக நாளைக்கே ஆள் வரும் என்று சத்தம் போட்டான். வரலாம். பதினொரு மணி நேரம் கிடைக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. நெர்மின் உலர்ந்த கோட்டுகளை அள்ளிவந்து, யாரையும் கேட்காமல் ஒவ்வொருவர் தோளிலும் போட்டாள்.

நான் பதிவை நிறுத்தவில்லை. நீளக் கம்பு மைக்கைக் கீழே இறக்கி, "மெனோ" என்று முதல் பெயரை நானே சொன்னேன். வில்கோ குனிந்து தன் பெயரைச் சொன்னார். அவருக்குப் பின்னால் அந்தப் பெண் வந்தாள், பிறகு ஹார்ம், பிறகு நெர்மின். சூப்புக்கு நின்றது போலவே முந்நூறு பேரும் வரிசையில் வந்து நின்றார்கள். இந்த முறை ஒருவரும் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைக்கவில்லை.