லிஃப்ட்காரர் வீட்டுச் சந்து

லிஃப்ட்காரர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வீட்டுக்கு லிஃப்ட்காரர் வீடு என்றுதான் பெயர். மாடிகூட இல்லாத வீட்டுக்கு அப்படி ஒரு பெயர் அமைந்ததில், இருந்தவரை அவருக்கே சிரிப்பு. ஊரிலிருக்கிற உயரமான கட்டடங்களில் பாதிக்கு லிஃப்ட் பழுது பார்த்தவர் அவர். "ஊரையே மேல ஏத்தி விடறேன், நான் மட்டும் தரையிலயே கிடக்கறேன் பாரு" என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி அந்த வேடிக்கை தேய்ந்தே போயிருந்தது. அவர் போன பிறகு ஒருநாள் சமையலறையில் நிற்கும்போது அவளுக்கு அதற்குச் சிரிப்பு வந்தது. யாரிடம் சிரிப்பது என்று தெரியாமல் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மகள் கடல் தாண்டி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் காட்டுவாள். மற்ற நாட்களில் அந்த வீட்டில் பேசுவது ஃப்ரிட்ஜ் மட்டும்தான்.

வாசலில் கிடந்த அவருடைய செருப்பை அவள் எடுக்கவில்லை. தனியாக இருக்கிற வீட்டில் ஆண் செருப்பு ஒன்று வெளியே கிடப்பது நல்லது என்று யாரோ சொன்னார்கள். அதையே சாக்காக வைத்துக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டடம் ஒரு மரச்சாமான் கிடங்கு. மூடி நெடுங்காலம் ஆகிறது. அதை வீடில்லாதவர்கள் இரவு தங்கும் இடமாக மாற்றப்போகிறார்கள் என்ற செய்தி தெருவுக்கு வந்த அன்றே, மருந்துக்கடைக்காரர் அவள் வீட்டுப் படியேறி வந்தார். தெருவில் என்ன நடந்தாலும் முன்னால் நிற்கிறவர் அவர்.

"எல்லாரும் உக்காந்து பேச ஒரு இடம் வேணும்மா. என் வீட்ல பசங்க படிக்கறாங்க, டாக்டரம்மா வீட்ல நாய். உங்க வீட்லதான் யாரும் இல்லையே, யாருக்கும் தொந்தரவு இருக்காது."

'யாரும் இல்லையே' என்பது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அவள் வாய் முந்திக்கொண்டது. "தாராளமா வாங்க."

மறுநாள் மாலையிலிருந்து அந்த ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. ஆறு மணி ஆனால் வாசலில் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். பெரிய பாத்திரத்தில் டீ போட அவளுக்குக் கை மறந்திருந்தது; முதல் நாள் சர்க்கரை தூக்கலாகிவிட்டது.

"டீயா, பாயசமா?" என்றார் மருந்துக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்த ஹாலில் சிரிப்புச் சத்தம் எதிரொலிக்கும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவளுக்குப் பாதிதான் தெரியும். குடிகாரர்கள் வருவார்கள், பெண்பிள்ளைகள் நடமாட முடியாது, வீட்டு விலை விழுந்துவிடும் என்று மாற்றி மாற்றிச் சொல்வார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், தெருவே அவரைக் குறட்டை என்று கூப்பிடும், பேச்சு சூடுபிடிக்கும் நேரமாகப் பார்த்துத் தூங்கிவிடுவார். எழுப்பினால், "ஆமாமா, விடவே கூடாது" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடுவார். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவதும் வருவதுமாக இருப்பாள். ஆட்கள் இருக்கிற வீட்டில் நடக்கிற நடையே வேறு.

ஒருநாள் காலையில் வாசல் பெருக்கப் போனவள், அவர் செருப்பு அங்கே இல்லாததைப் பார்த்தாள். 'இவ்வளவு காலையில எங்க கிளம்பிட்டாரு, சொல்லாமகூட?' என்று மனசுக்குள் கேட்டும்விட்டாள். பிறகு துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அன்று மாலை குறட்டை ஒரு பையோடு வந்தார். "மன்னிச்சுக்கங்கம்மா, இருட்டுல செருப்பை மாத்தி மாட்டிக்கிட்டேன். வீட்டுப் பக்கம் போனப்புறம்தான் கால் உள்ள நீந்துதுன்னு தெரிஞ்சுது."

"தூக்கத்துலயே நடந்து போயிருப்பாரு" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அவள் செருப்பை வாங்கிப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

நகராட்சி இன்ஜினியர் வந்தது அதற்கடுத்த வாரம். மகள் வயதுப் பெண். கையில் அளவு நாடாவோடு கிடங்கைச் சுற்றிவிட்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"கிடங்குல குளியலறை, கழிப்பறை எல்லாம் கட்டணும்மா. கழிவுத்தண்ணி பின்தெரு சாக்கடைக்குத்தான் போயாகணும். அதுக்கு வழி உங்க வீட்டை ஒட்டின சந்து ஒண்ணுதான். பூமிக்கு அடியில ஒரு குழாய், மேல ஒண்ணும் தெரியாது. நீங்க சரின்னு சொன்னா வேலையை ஆரம்பிச்சிடலாம். முடியாதுன்னா இந்த இடமே சரிப்படாது."

சந்தில் அவருடைய சைக்கிளும், அவர் எண்ணெய் டப்பாக்களில் வளர்த்த செடிகளும் இருந்தன. அவள் அதைக் காட்டி, "இதெல்லாம் இருக்கே" என்றாள்.

"நகர்த்திக்கலாம்மா."

"என் பொண்ணைக் கேக்கணும். அடுத்த வாரம் வாங்களேன்."

மகளைக் கேட்கவேண்டியது ஒன்றும் இல்லை. அந்தப் பெண் போன பிறகு அவள் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து யோசித்தாள். சரி என்றால் தெரு கோபித்துக்கொண்டு போய்விடும். முடியாது என்றால் தெரு ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும். எப்படிப் பார்த்தாலும் ஆறு மணிக்கு வாசல் காலி.

அன்று மாலை விஷயத்தைச் சொன்னதும் மருந்துக்கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். "இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? முடியாதுன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட வேண்டியதுதானே?"

"சொல்லணும். பொண்ணையும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

அதற்குப் பிறகுதான் அவளுக்கு ராஜமரியாதை. அவள் மனசு மாறிவிடக்கூடாதே என்று பகலிலும் ஆள் வர ஆரம்பித்தது. ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வந்தது. ஒழுகிக்கொண்டிருந்த குழாயைக் குறட்டை வந்து மாற்றிக் கொடுத்தார். டாக்டரம்மா வாழ்நாளில் முதல்முறையாக அவளை "அக்கா" என்றாள். இன்ஜினியர் பெண் மறுபடி வந்தபோது, மகளுக்கு வேலை அதிகம், பேச முடியவில்லை என்று இவள் சொன்னாள். அதற்கும் அடுத்த முறை, அவர் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் அவர் சைக்கிளை நகர்த்த மனசு வரவில்லை என்றாள். அது பொய்யில்லை. ஆனால் காரணமும் அதுவல்ல.

கிடங்கின் ஷட்டருக்கு முன்னால், கூரை கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்த இடத்தில், ஒருவர் படுத்துக்கொள்வார். ஒரு கேன்டீனில் சமையல்காரராக இருந்தவர். வேலையும் படுக்கையும் ஒரே இடத்தில் இருந்ததால், கேன்டீன் மூடியபோது இரண்டும் ஒன்றாகப் போயின. காலையில் அவள் பால் வாங்கப் போகும்போது அவருக்கும் ஒரு டம்ளர் டீ கொடுப்பாள். லிஃப்ட்காரர் இருக்கும்போதே வந்த பழக்கம் அது.

"எனக்கென்னக்கா, வாடகை கிடையாது, வீட்டுக்காரன் தொல்லை கிடையாது. இந்த மழை ஒண்ணுதான் கதவைத் தட்டாம உள்ள வந்துடுது" என்பார். இருமிக்கொண்டே சிரிப்பார்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலையில் அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இதுக்குள்ள படுக்க விடப்போறாங்களாம்க்கா. சுடுதண்ணிகூட வருமாம். யாரோ ஒருத்தர் சரின்னு சொல்லணுமாம். இழுத்துக்கிட்டே இருக்காராம்."

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "யாராம்?"

"யாரோ பெரிய மனுஷங்கதான். நமக்கு எங்க தெரியும்?" டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. இன்ஜினியர் பெண்ணிடம் சரி என்று சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தாள். அப்போது கதவு தட்டப்பட்டது. டாக்டரம்மா, கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு. போனைக் கீழே வைத்துவிட்டு டீ போடப் போனாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளைக்கும் யாரோ வந்தார்கள்.

பிறகு ஒரு மாலை யாரும் வரவில்லை.

மழை பலமாக இருந்தது, அதனால்தான் என்று நினைத்தாள். பாத்திரம் நிறைய டீ ஆறி ஆடை படிந்தது. சூடு பண்ணினாள். மறுபடி ஆறியது. ஏழு மணிக்கு மேல் குடையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்குள் குறட்டையும் இருந்தார். இருவரும் நல்ல உற்சாகத்தில் இருந்தார்கள்.

"அடடே, உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றார் மருந்துக்கடைக்காரர். "இடத்தை மாத்திட்டாங்கம்மா! ஊருக்கு வெளிய, குப்பை கொட்டற இடத்தையும் தாண்டி எங்கேயோ. எல்லாம் உங்க கைங்கரியம்தான். நாங்க கத்தினதுகூட இல்ல, நீங்க இழுத்தடிச்சீங்க பாருங்க, அதுல அந்தப் பொண்ணு வெறுத்தே போயிட்டா."

"ஆமாமா, விடவே கூடாது" என்றார் குறட்டை.

"அப்ப நாளைக்கு யாரும் வரலையா?"

"எதுக்கும்மா? இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்ல. நாற்காலியைக்கூட காலையில எடுத்துக்கச் சொல்லிட்டேன்."

தெருவில் நின்றபடியே இன்ஜினியர் பெண்ணுக்குப் போன் போட்டாள். குடையில் மழை அடிக்கிற சத்தத்தில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. "எனக்குச் சம்மதம். குழாய் போட்டுக்கங்க. சைக்கிளை எடுத்துடறேன்."

"இப்ப சொல்றீங்களேம்மா" என்றாள் அந்தப் பெண். கோபம் இல்லை, களைப்புதான். "எத்தனை தடவை வந்தேன்! இனி என் கையில இல்ல. திரும்ப இந்தப் பக்கம் பேச்சு வந்தா பார்க்கறேன்."

வீட்டுக்குப் போய் டீயைச் சூடு பண்ணி, தூக்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு ஷட்டருக்கு வந்தாள். சமையல்காரர் போர்வையைச் சுருட்டி நெகிழிப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அட்டைப்பெட்டி ஈரத்தில் ஊறிப் படுத்திருந்தது.

"கிளம்பறீங்களா?"

"மருந்துக்கடைக்காரர் வந்து சொல்லிட்டுப் போனாருக்கா. இனி இங்க படுக்கக் கூடாதாம். ஸ்டேஷன் பக்கம் பார்க்கறேன்."

அவள் டம்ளரில் டீ ஊற்றினாள். "இழுத்தடிச்சது நான்தாங்க."

"தெரியும்க்கா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க ஹால் ஜன்னல் என் தலைமாட்டுலதானே இருக்கு. தினம் கேட்டுக்கிட்டுதானே படுத்திருந்தேன்." டீயை வாங்கிக்கொண்டார். "நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்."

"சொல்லிட்டா யாரும் வரமாட்டாங்களேன்னு..." என்று இழுத்தாள்.

அவர் அவளுடைய வாசலைத் திரும்பிப் பார்த்தார். மழையில் ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் நனைந்துகொண்டிருந்தது. "இப்ப வந்தாங்களா?" என்று கேட்டார். குத்திக்காட்டுகிற குரலாக இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

"இல்ல."

டீயை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"மழை விடற வரைக்குமாவது உள்ள வந்து படுங்க. ஹால் சும்மாதானே கிடக்குது."

"வேணாங்க்கா. என்னைப் பத்தி அவ்வளவு பேசின ஹால்ல எனக்குத் தூக்கம் வராது." டம்ளரைக் கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீரில் கழுவி, நீரைச் சுண்டிவிட்டு அவளிடம் நீட்டினார். பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்தார். தெருமுனையில் இருமல் சத்தம் ஒருமுறை கேட்டது.

காலையில் நாற்காலிகள் போயின. வண்டிக்காரன் அடுக்கி ஏற்றும்போது, "நல்ல பெரிய ஹால்மா" என்றான்.

அவள் சந்துக்குப் போனாள். சைக்கிளின் டயர்கள் காற்றிறங்கித் தரையோடு ஒட்டியிருந்தன. இழுத்துக்கொண்டு வந்து முன்பக்கம் சாத்தினாள். எண்ணெய் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். ஒவ்வொரு டப்பாவுக்கு அடியிலும் ஒரு துரு வட்டம். மூச்சு வாங்கியபோது உட்கார்ந்து, மறுபடி தூக்கினாள். சனிக்கிழமைக்குள் சந்து காலியாகிவிட்டது. பெருக்கித் தண்ணீர் விட்டாள். அவ்வளவு அகலம் அதற்கு இருந்தது அவளுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் வந்தாள். பின்னால் தெரிந்ததைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, அப்பா செடியெல்லாம் ஹாலுக்குள்ள வந்திருக்கு?" என்றாள்.

"சந்தைக் காலி பண்ணிட்டேன். குழாய் போடறதுக்கு."

"யாரு போடப்போறாங்க?"

"யாரும் இல்ல. மறுபடி வந்து கேட்டா காலியா இருக்கணுமில்ல."

மகளுக்குப் புரியவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். "ஆச்சு" என்றாள் இவள். பிறகு இருவரும் போனில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.