வெங்காயம் போடாத கறி

ரமலான் மாதத்தில் நண்பகலில் கறி வேகும் வாசனை வந்தால் ஷுப்ரா பேட்டையில் உள்ள எங்கள் கட்டடத்தில் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். யாரோ இஃப்தார் சமையலைச் சீக்கிரமே முடிக்கிறார்கள் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நான்காம் மாடி மதாம் இன்ஸாஃப் வீட்டு வாசனைதான் சிக்கலாகிவிட்டது. அதில் வெங்காயம் இல்லை.

கெய்ரோவில் கறி இல்லாமல் வெங்காயம் வேகும். மாதக் கடைசியில் எல்லா வீட்டிலும் அதுதான் வேகிறது. ஆனால் கறி இருந்தும் வெங்காயம் இல்லையென்றால், சாப்பிடப்போவது மனிதர் இல்லை. அதற்கு மேல் புத்தி எங்கே வேண்டுமானாலும் போகும். சூனியம் என்றது இரண்டாம் மாடி. கழுதைக் கறியை வேகவைத்துக் கடைகளுக்குத் தள்ளிவிடுகிறார் என்றது மூன்றாம் மாடி. போதாததற்கு, அவருடைய நாய் புந்துக்கைச் சில நாட்களாக யாரும் பார்க்கவில்லை. நாய் இல்லை, அடுப்பில் கறி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்க யாருக்கும் துணிவில்லை. படிக்கட்டில் சந்தித்தால் புருவத்தை மட்டும் உயர்த்திக்கொண்டோம்.

பிற்பாடு எங்களுக்குத் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புந்துக்கின் ஈறு வெளுத்துப்போயிருந்தது, எழுந்து நிற்கவே அது தள்ளாடியது. எதையோ தின்று ரத்தம் கெட்டிருக்கிறது, இனி உங்கள் கையால் சமைத்ததைத் தவிர ஒரு துண்டு உள்ளே போகக் கூடாது என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். கணவர் இறந்த பிறகு மதாமுக்கு வீட்டில் பேச்சுத்துணை அந்த நாய்தான். அவர் கோழிக்கறி, கொஞ்சம் ஈரல், அரிசி, பூசணி, கேரட் எல்லாம் வேகவைத்து மசித்துக் கொடுத்தார். நாய் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சாப்பிடாவிட்டால் பிழைக்காது. கட்டடத்தில் யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டிய மதாம், கதவுக்குச் சங்கிலி போட்டு, எங்கள் எல்லோரையும் ஓட்டை வழியாகவே பார்த்தார். நாங்கள் அவரைச் சந்தேகித்தோம், அவர் எங்களைச் சந்தேகித்தார். கட்டடத்தில் இவ்வளவு ஒற்றுமை அதற்கு முன் இருந்ததில்லை.

குடியிருப்போர் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற ஜெனரல் பஹ்கத் பாஷா, களத்தில் இறங்கினார். அவர் எந்தப் போரில் இருந்தார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. லிஃப்டில் நாய் ஏறக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டியது மட்டும் ஊரறிந்த வெற்றி. சங்கச் செயலாளர் என்ற முறையில் நானும் போக வேண்டியதாயிற்று. வாட்ச்மேன் அப்துஷ்ஷாஃபியையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டார். தினமும் மாலையில் புந்துக்கைக் கீழே கூட்டிப்போனது அவன்தான்.

ஜெனரல் கதவைத் தட்டினார். சங்கிலி அளவுக்குக் கதவு திறந்தது. இடைவெளியில் ஒரு கண்ணும் ஒரு கரண்டியும் தெரிந்தன.

"மதாம், கட்டடத்துல பலதும் பேசிக்கிறாங்க. சங்கத்தோட கடமைன்னு ஒண்ணு இருக்கு."

"தண்ணி டேங்க் ஒழுகுது. அந்தக் கடமைய மொதல்ல பாருங்க."

"அது குழுவோட பரிசீலனைல இருக்கு. நான் வந்தது வேற விஷயம். நாயைக் காட்டுங்க."

"எதுக்கு? வச்சது வேலை செஞ்சிருச்சான்னு பாக்கவா?"

"என்னம்மா பேசறீங்க? முப்பது வருஷம் இந்த நாட்டுக்கு..."

"நாட்டுக்குச் செஞ்சது நாட்டோட போகட்டும் பாஷா. என் நாய்க்கு என்ன செஞ்சீங்க?"

நான் சமாதானமாக ஏதோ சொல்லப் பார்த்தேன். "உஸ்தாத், நீங்க சும்மா இருங்க. உங்க மேலயும் எனக்குச் சந்தேகம்தான்" என்றார் மதாம். சும்மா இருந்தேன்.

"அப்ப அந்தப் பானைல என்ன வேகுது?" என்றார் ஜெனரல். அவர் குரலில் என்றுமில்லாத ஒரு நடுக்கம். விசாரணையின் தீவிரம் என்று நினைத்தேன். "வெங்காய வாசனையே இல்லாம மனுஷங்க சமைப்பாங்களா?"

"மனுஷங்களுக்கு யாரு சமைச்சா? புந்துக்குக்குத்தான். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷமாம், ரத்தத்தைக் கரைச்சிருமாம். கண்ணுலகூடக் காட்டக் கூடாதுன்னாரு டாக்டர்."

ஆட்டம் காணாத ஜெனரலின் மீசை லேசாக ஆடியது. வாட்ச்மேன் பக்கம் திரும்பி, எனக்குக் கேட்காது என்று நினைத்துக் கேட்டார்.

"கோஃப்தா கறி உருண்டைல எவ்வளவு வெங்காயம் போடுவாங்க?"

"உங்க வீட்டுல பாதிக்குப் பாதி, பாஷா" என்றான் அப்துஷ்ஷாஃபி. "பூண்டு தனி."

"வாயை மூடு."

"நான் அப்பவே சொன்னேன். தினம் தினம் வேணாம்னு. நீங்கதான், புள்ள ஆசையா பாக்குதுடான்னு..."

கதவிடுக்கில் இருந்த கண் பெரிதானது. அந்த நேரம் பார்த்து உள்ளே நகங்கள் தரையில் உரசும் சத்தம் கேட்டது. இரண்டு நாளாகப் படுக்கையை விட்டு எழாத புந்துக், ஜெனரலின் குரலைக் கேட்டுச் சுவரைப் பிடிக்காத குறையாக நடந்து வந்தது. சங்கிலிக்குக் கீழே மூக்கை நுழைத்து, நாட்டுக்கு முப்பது வருஷம் உழைத்த அந்தக் காலணியை முகர்ந்து, வாலை ஆட்டியது. குற்றவாளியை இவ்வளவு அன்பாக எந்தச் சாட்சியும் காட்டிக்கொடுத்ததில்லை.

"நீங்களா?" என்றார் மதாம்.

ஜெனரல் என்னைப் பார்த்தார். தலைவர் பதவி, லிஃப்ட் அறிவிப்பு, மீசை எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன.

"விஷம் வச்சேன்னே சொல்லிக்குங்க, மதாம். அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ஊட்டுனேன்னு மட்டும் வெளிய சொல்லாதீங்க."

மதாம் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கரண்டி வேறு கையில் இருந்தது. அவர் குனிந்து நாயைப் பார்த்தார். அது இன்னும் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. சங்கிலி கழன்றது.

"கையைக் கழுவுங்க. சோப்புப் போட்டு."

நாய் தொட்டால் கழுவுவதுதான் எங்கள் வழக்கம். நாயைத் தொடுவதற்காக ஒரு ஜெனரல் கழுவியதை அன்றுதான் பார்த்தேன். மதாம் அவர் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தார். கட்டைவிரலில் நின்று, "இன்னொரு தடவை" என்றார். அவர் மறுபேச்சில்லாமல் போய்க் கழுவினார்.

பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பூசணியும் கோழியும் மசித்த உருண்டையை நீட்டினார். புந்துக் முகர்ந்தது. முகத்தைத் திருப்பியது.

"சாப்பிடுடா ராஜா. ஒண்ணே ஒண்ணு" என்றார், இருபது வருடங்களாக எங்களை அதட்டிய அதே வாயால்.

அது அவர் முகத்தைப் பார்த்தது. உருண்டையைப் பார்த்தது. தயவு பண்ணுவதுபோல் வாங்கித் தின்றது. அடுத்த உருண்டையை மதாம் தன் கையால் உருட்டி, சாட்சிபோல் நின்று, ஜெனரலின் கையில் வைத்தார்.

படிக்கட்டில் இரண்டாம் மாடியும் மூன்றாம் மாடியும் கூடியிருந்தன. ஜெனரல் உள்ளிருந்தபடியே குரலை உயர்த்தினார்.

"யாரும் இங்க நிக்க வேண்டாம். விசாரணை நடக்குது."

மறுநாள் நண்பகலிலும் விசாரணை நடந்தது. பெருநாள் கழிந்தும் நடக்கிறது. புந்துக்கின் ஈறு சிவந்துவிட்டது. ஆனால் ஜெனரல் உள்ளே நுழைந்ததும் மதாம் அவர் விரல்களை முகராமல் விடுவதில்லை.