தொட்டுக் காட்டிய முகம்

“டிவி பாக்காத. பேப்பரத் தொடாத. அடையாள அணிவகுப்பு முடியுற வரைக்கும் அவ்ளோதான் உன் வேல” என்று இன்ஸ்பெக்டர் நாராயணப்பன் சொன்னபோது, அது அப்படியொன்றும் கஷ்டமான காரியமாக வின்சிக்குத் தோன்றவில்லை. அவள் இருந்த அறையில் டிவியே கிடையாது.

ஓசூரில் டிவி பார்க்காமல் இருப்பது தூசியை இழுக்காமல் மூச்சு விடுவதைப் போன்றது என்று பிறகுதான் தெரிந்தது. டீக்கடையில் ஓடியது. மொபைல் ரீசார்ஜ் கடையில் ஓடியது. கிருஷ்ணகிரி பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலே ஓடியது. எல்லாவற்றிலும் ஒரே கேஸ். நடிகர் நவநீதனின் கார் சூளகிரிக்கு முன்னால் ஒரு கம்பெனிப் பெண்ணை அடித்துப் போட்டுவிட்டு ஓடிப்போன கேஸ்.

அந்தப் பெண் ஜெயமணி. கம்பெனியில் வின்சியோடு ஒரே இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தவள். அன்று பொழுது இறங்கும் நேரத்தில், ஷிப்ட் முடிந்து ரோட்டைக் கடக்கையில், செருப்பு வார் அறுந்து வின்சி இரண்டடி பின்தங்கினாள். அந்த இரண்டடிதான். கறுப்புக் கார் அடித்துவிட்டுச் சற்றுத் தள்ளிப் போய் நின்றது. வலது பக்க முன்கதவு திறந்து ஒருவன் இறங்கினான். பின்னால் வந்த லாரியின் வெளிச்சம் அவன்மேல் விழுந்தது. விழுந்து கிடந்தவளைப் பார்த்தான், வின்சியைப் பார்த்தான், ஓடிப்போய்ப் பின்சீட்டில் ஏறிக்கொண்டான். இடது பக்கமிருந்து இன்னொருவன் சுற்றி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். கார் போய்விட்டது.

மறுநாள் டிரைவர் மதுரைவீரன் ஸ்டேஷனில் சரணடைந்தான். ஓட்டியது தான்தான், நடிகர் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார் என்றான்.

“வலது பக்கம் எறங்குனது நவநீதனா?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“தெரியல சார். அந்த ஆளுக்கு முன்னால முடியில்ல. நெத்தி பாதி தலைக்கு இருந்துச்சு.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஊரெல்லாம் ஒட்டியிருக்கும் போஸ்டரில் நவநீதனின் முடி புருவத்தில் விழும். “அப்ப அவரில்ல. டிரைவருக்குத்தான் முன்வழுக்கை. பாத்தா அடையாளம் காட்டுவியா?”

“காட்டுவேன் சார்.”

சொல்லிவிட்டு அன்றைக்கே அவளுக்குச் சந்தேகம் வந்தது. காட்டுவேன் என்றா சொல்லியிருக்க வேண்டும்? முயற்சி செய்கிறேன் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? ஆனால் துக்கத்துக்குப் போன இடத்தில் ஜெயமணியின் அம்மா கருப்பாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “பாத்தவ நீ ஒருத்திதான் கண்ணு” என்று சொல்லியிருந்தாள். முயற்சி என்ற சொல்லை அந்தக் கைக்குள் வைக்க முடியாது.

அறைத்தோழி சம்பங்கி உத்தனப்பள்ளிக்காரி. வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் கன்னடம், வின்சியோடு தமிழ். “எனக்கென்னமோ அந்தாளு முடியே ஒட்டு முடின்னு தோணுது” என்றாள். “காத்துல ஒரு படத்துலயாச்சும் அசைஞ்சிருக்கா சொல்லு? எங்க அக்கா புருஷன் பாவாவோட வழுக்கத் தலையில கோழி றெக்கைய ஒட்டுனாக்கூட அசையும்.”

“அக்கா, கேஸப் பத்தி எங்கிட்டப் பேசக் கூடாது.”

“நான் கேஸப் பத்தியா பேசுனேன்? முடியப் பத்திப் பேசுனேன்.”

மாலை வகுப்பிலும் அதே பேச்சுதான். வின்சி பி.காம். தபால் வழியில் படித்துக்கொண்டிருந்தாள்; வணிகச் சட்டத்துக்கு மட்டும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் மாலை வகுப்பு. பக்கத்து பெஞ்சு மாதவன் சொன்னான்: “அமெரிக்காவுல இந்த மாதிரி பெரிய கேஸுன்னா தீர்ப்பு சொல்லப் பன்னெண்டு பேர ஜூரின்னு பொறுக்கி எடுப்பாங்களாம். டிவி பாத்தியா, இந்தாளப் புடிக்குமான்னு கேட்டுக் கேட்டுக் கழிப்பாங்களாம். அப்புறம் ஓட்டல்ல வெச்சுப் பூட்டிருவாங்க. நியூஸே கெடையாது. நம்ம ஊர்லயும் முன்ன ஜூரி இருந்துச்சாம், எடுத்துட்டாங்க.”

“எடுத்தாங்களா?” என்றாள் வின்சி. “தெருவுக்குத் தெரு உக்காந்திருக்காங்களே.”

“உனக்கும் ஒரு ஓட்டல் ரூம் கேளு.”

“சிப்காட் லைன் வீட்ட ஓட்டல்னு நெனச்சுக்கறேன்.”

அந்த லைன் வீட்டுக்குத்தான் அடுத்த வாரம் கேபிள்காரன் வந்தான். ஏழு அறைக்கும் இலவச இணைப்பு, மூன்று மாதத்துக்குக் காசில்லை, டிவி இல்லாத அறைக்குப் பழைய டிவிப் பெட்டியும் உண்டு என்றான். பெட்டி இல்லாத அறை ஒன்றுதான். சம்பங்கி வாயெல்லாம் பல்லாக வாங்கி வைத்துக்கொண்டாள். எதற்கு இலவசம் என்று வின்சி கேட்டதற்கு, “ஆஃபர்மா” என்று சொல்லிவிட்டு அவளை ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டு போனான்.

அவள் உள்ளே வந்தால் சம்பங்கி பெட்டியை அணைத்துவிடுவாள். சண்டையே இல்லை. ஆனால் குழாயடியில் துணி துவைக்கும்போது ஏழு கதவும் திறந்திருக்கும். ஏழு அறையிலும் ஒரே முகம். அழுதுகொண்டே வேனில் ஏறும் மதுரைவீரன். கும்பிடும் மதுரைவீரன். கன்னத்தில் இடது கண்ணுக்குக் கீழே மிளகு மாதிரி ஒரு மச்சம், அதையும் பெரிதாக்கிக் காட்டினார்கள். வின்சி தலையைத் திருப்பிக்கொள்வாள். திருப்புவதற்கு எதைப் பார்த்துத் திருப்புகிறோம் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் சொன்னபடி நடக்கிறோம் என்றே நினைத்திருந்தாள்.

அணிவகுப்பு கிருஷ்ணகிரி கிளைச் சிறையில் நடந்தது. மாஜிஸ்ட்ரேட் மெலிந்த மனிதர், மூக்கடைப்போடு பேசினார். போலீஸார் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார்: “சந்தேக நபரின் படத்தை டிவியிலோ பத்திரிகையிலோ பார்த்தீர்களா?”

“பாக்கலைங்க சார்” என்றாள். பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றவில்லை.

முற்றத்தில் பத்துப் பதினோரு ஆண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே உயரம், எல்லாருக்கும் முன்வழுக்கை. மற்றவர்கள் வேறு கேஸ்களில் உள்ளே இருப்பவர்கள். பார்த்தவனின் தோளைத் தொட வேண்டும். பிறகு அவளை அனுப்பிவிட்டு, சட்டை மாற்றி, இடம் மாற்றி நிற்க வைப்பார்கள். இப்படி மூன்று முறை.

முதல்முறை அவள் கை தானாக மதுரைவீரனின் தோளுக்குப் போனது. யோசிக்கவே இல்லை. சிறை அலுவலக அறைக்குள் காத்திருந்தபோது மார்பிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. ஜெயமணிக்காக ஒன்றைச் செய்து முடித்துவிட்டோம்.

இரண்டாம் முறை அவன் கடைசிக்கு முன் ஆளாக நின்றான். தொட்டாள்.

மூன்றாம் முறை நடு வரிசையில் நின்றான். அவள் இன்னும் பக்கத்து ஆளைத் தாண்டியிருக்கவில்லை. மதுரைவீரனின் தோள் கொஞ்சம் முன்னுக்கு வந்தது. கூட்டத்தில் நிற்பவன் கண்டக்டருக்குக் கையை நீட்டுவதுபோல, தன்னை விட்டுவிடக் கூடாதே என்று வந்தது. அவள் தொட்டதும் கண்ணை மூடி மூச்சு விட்டான். எத்தனையோ நேரமாகக் காத்திருந்த பஸ் வந்துவிட்ட மூச்சு.

வின்சியின் விரல் அவன் சட்டையிலேயே இருந்தது. பிடிபட்டவன் எதற்கு நிம்மதிப்படுகிறான்?

அப்போதுதான் அந்த மச்சத்தைப் பார்த்தாள். வரிசையின் தொடக்கத்திலிருந்தே அவள் கண் தேடி வந்தது அதைத்தான். லாரி வெளிச்சத்தில், அவ்வளவு தூரத்திலிருந்து, மிளகளவு மச்சம் எப்படித் தெரிந்திருக்கும்?

கம்பெனியில் தினமும் காலையில் அளவு பிசகாத மாதிரித் துண்டான மாஸ்டர் பீஸோடு, அளக்கும் கேஜை ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். மாஸ்டரை யாராவது மாற்றி வைத்துவிட்டால், அன்றைக்குப் பாஸான சரக்கு முழுவதும் கழிவு. பார்த்த கண்ணுக்கு மட்டும் எல்லாமே சரியாகத் தெரியும். காத்திருந்த அறைக்குத் திரும்பி அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கறுப்புக் கார் வந்தது. கதவு திறந்தது. இறங்கியவனுக்கு மதுரைவீரனின் முகம் இருந்தது. அந்த முகம் அழுதுகொண்டு, கும்பிட்டுக்கொண்டு, வேனில் ஏறியது. வேறு முகம் எதுவும் வரவில்லை. கேட்காமல் வந்த பெட்டியும், கேபிள்காரன் உற்றுப் பார்த்த பார்வையும் இப்போது நினைவுக்கு வந்தன.

மாஜிஸ்ட்ரேட் எழுதிக்கொண்டிருந்தார். “மூன்று முறையும் சரியாகக் காட்டிவிட்டீர்கள். கையெழுத்துப் போடுங்கள்.”

போட்டால் மதுரைவீரன் உள்ளே போவான், கேஸ் முடியும், பின்சீட்டில் ஏறியவனையும் அவன் முடியையும் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். போடாவிட்டால், பார்த்தவள் ஒருத்தியும் இல்லாமல் போவாள். இரண்டு வழியும் ஒரே வாசலுக்குத்தான் போயின. அந்த வாசலில் நவநீதன் நின்றான். இதை யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். தான்தான் யோசிக்கவில்லை.

“சார், நான் மொதல்ல சொன்னது தப்புங்க. டிவியில பாத்திருக்கேன்.”

அவர் பேனாவை எடுத்தார். “எத்தனை முறை?”

“எண்ண முடியாதுங்க. நான் தொட்டது டிவியில பாத்த ஆள. ரோட்டுல பாத்த முகம் இப்ப எங்கிட்ட இல்லீங்க சார்.”

“இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? கோர்ட்டில் உங்கள் சாட்சி நிற்காது.”

“எறங்குனவன் பின்சீட்டுக்குப் போனான், வேற ஆள் வந்து ஓட்டுனான். அது எந்த டிவியிலயும் வரல. அது என் கண்ணுல அப்படியே இருக்குது. அத எழுதிக்குங்க சார்.”

அவர் எழுதியதை ஓரமாகத் தள்ளினார். பிறகு புதுத் தாள் எடுத்தார். மதுரைவீரனைக் கூட்டிவரச் சொல்லி, சாட்சி சொன்னதை அவனுக்கும் படித்துக் காட்டினார். படிக்கப் படிக்க அவன் முகத்திலிருந்து அந்த நிம்மதி போயிற்று.

“என்னம்மா பண்ணிட்ட” என்றான் அவளுக்கு மட்டும் கேட்கும்படி. “எம் புள்ளைங்க அந்த நடிகரு தோட்டத்துலதான் இருக்குது. நான் உள்ள போனாத்தான் அதுங்க வெளிய வரும்.”

வின்சி அவன் பக்கம் திரும்பினாள். “அத சார்கிட்டச் சொல்லுங்கண்ணா. இப்பவே சொல்லுங்க.”

அவன் மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். கதவுக்கு வெளியே இன்ஸ்பெக்டரின் செருமல் கேட்டது. “நான் ஒண்ணும் சொல்லலீங்க ஐயா” என்றான். பிறகு அவளிடம், “இனி என்னத் தேட மாட்டாங்க. உன்னத்தான் தேடுவாங்க” என்றான். மிரட்டலாகச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னான். வார்டர் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்.

வின்சி தாளை முழுவதும் படித்தாள். ‘முகம் சரியாக நினைவில்லை’ என்று இருந்தது. “‘டிவியில் பார்த்த பிறகு நினைவில்லை’ன்னு போடுங்க சார்” என்றாள். அவர் அடித்துவிட்டுத் திருத்தினார். கையெழுத்துப் போட்டாள். இப்போதாவது சரியாகச் செய்தோமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சிறைக்கு வெளியே இன்ஸ்பெக்டரைக் காணோம். அவளை அழைத்துவந்த ஜீப் கிளம்பிப் போய்விட்டிருந்தது. கேமராக்காரர்கள் காம்பவுண்டு சுவரோரம் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கருப்பாயி நின்றாள்.

“தொட்டியா கண்ணு?”

மைக்குகள் எல்லாம் வின்சியின் பக்கம் நீண்டன. ஒரு பையன், “முகத்தக் கொஞ்சம் இந்தப் பக்கம், மேடம்” என்றான். நாளைக்கு ஏழு அறையிலும் இந்த முகம்தான் ஓடும். துப்பட்டாவால் மூடிக்கொள்ளலாமா என்று நினைத்தாள். மூடினால் கருப்பாயிக்குச் சொல்வது எப்படி?

“தொட்டேன்மா” என்று, கருப்பாயியை மட்டும் பார்த்துக்கொண்டு தொடங்கினாள். “ஆனா நான் சொல்றத நீங்க முழுசாக் கேக்கணும்.”