தாளின் பின்பக்கம்

பால்வாடியில் தராசைத் தொங்கவிட்டு நாற்பத்திரண்டு குழந்தைகளை நிறுத்தான், கணக்கெடுக்க வந்த கைலாசம். எடை நன்றாகவே இருந்தது. 1984, ஆனி மாதம். மலையில் சாரல் பிடித்திருந்தது. சீக்கிரம் முடிந்தால் ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தென்காசி ஆபீசுக்குத் திரும்பலாம்.

கீழத்தெருவிலிருந்து ஒரு குழந்தையும் வரவில்லை. அதுகளுக்கு அக்கறை கிடையாது என்றாள் டீச்சர். படிவத்திலேயே அது அச்சாகியிருந்தது: 'வராத காரணம்: தாயின் அக்கறையின்மை'. அந்தத் தெருவின் பதினெட்டு வீட்டுக்கும் பால்வாடியிலேயே உட்கார்ந்து டிக் அடித்தான். இனித் தாய்மாரின் கைநாட்டுதான் பாக்கி.

கீழத்தெருப் பெண்கள் வேப்பமரத்தடியில் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேர் பேசாமல் விரலை மையில் தொட்டு வைத்தார்கள். எட்டாவது மாரித்தாய். மடியிலிருந்த பீடித்தட்டை அவள் இறக்கவில்லை. நான்கு வயது மகள் அவள் முதுகில் சாய்ந்திருந்தாள். கை கால் குச்சியாக இருந்தது.

"என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க சார். கைநாட்டு வைக்கது நான்லா."

ஆறு வருட சர்வீசில் யாரும் அவனை வாசிக்கச் சொன்னதில்லை. வாசித்தான். பாதியில் குரல் இறங்கிவிட்டது.

"எங்க அக்கறைய எந்தத் தராசுல சார் நிறுத்தீக?" என்றாள் பக்கத்திலிருந்த முப்பிடாதி. பெண்கள் சிரித்தார்கள்.

மாரித்தாய் சிரிக்கவில்லை. மகளை ஒன்பது நாள் அனுப்பியதாகச் சொன்னாள். ஒன்பது நாளும் வாசலுக்கு வெளியே உட்காரவைத்து, கரண்டி தட்டில் படாமல் மேலேயிருந்து சோற்றைப் போட்டார்களாம். பத்தாம் நாள் பிள்ளையே போகமாட்டேன் என்றுவிட்டதாம்.

"எம்புள்ள எங்கன உக்காந்து சாப்பிட்டுச்சுன்னு கேக்க உங்க தாள்ல ஒரு கேள்வி இருக்கா சார்?"

புரட்டிப் பார்த்தான். இல்லை.

முன்பு போட்ட டிக்கின் மேல் கோடு கிழித்துவிட்டு, தாளின் பின்பக்கத்தில் அவள் சொன்னதை எழுதி வாசித்துக் காட்டினான்.

"'ஓரமா'ன்னு போட்டிருக்கீக. ஓரமா இல்ல சார், வெளிய."

திருத்தினான். கைநாட்டு வைத்தாள். முன்பே வைத்த ஏழு பேரும் தங்கள் தாளைத் திரும்பக் கேட்டார்கள். இருட்டும்போது பதினெட்டுத் தாளும் பின்பக்கம் நிறைந்திருந்தன. ஐந்தருவிக்குப் போகும் கடைசி பஸ் போய்விட்டது.

மறுநாள் ஆபீசில், நல்ல ரிப்போர்ட்டை ஏன் கெடுக்கிறாய் என்றார் அதிகாரி ராமசேஷன். மாற்றி எழுதச் சொன்னார்.

"அவங்ககிட்ட வாசிச்சிட்டேன் சார். இனி மாத்தணும்னா அவங்கதான் மாத்தணும்."

ராமசேஷன் பதினெட்டையும் வாசித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ரிப்போர்ட் மேலே போனது. ஆடி முடியுமுன் பால்வாடிக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பந்தி. நடுவில் மாரித்தாயின் மகள்.

அதன்பின் கைலாசம் எடுத்துப்போன ஒவ்வொரு படிவத்தின் தலைப்பிலும் கையால் ஒரு வரி இருந்தது: 'யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்களைக் கேட்டு எழுத வேண்டும், எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்ட வேண்டும்.'

இது யார் போட்ட உத்தரவு என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள்.

"கீழத்தெரு மாரித்தாய்" என்பான்.