மதாம் வெர்னேயிடம் கேட்ட கேள்வி

பாரிசிலிருந்து நாடக நடிகை ஒதீல் வெர்னே மெல்பர்னுக்கு நாடகம் போட வந்தது 1975இல். மொழிபெயர்க்க ஆள் தேடிய அமைப்பாளர்கள் புதுச்சேரிக்காரி ராஜகுமாரியைப் பிடித்துப் போட்டார்கள். புறநகரான டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் டைப்பிஸ்டாக இருந்தவள் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்தாள். கன்னியர் மடப் பள்ளியில் படித்த நாளிலேயே மதாமின் பெயர் அவளுக்குத் தெரியும். தானே எழுதித் தானே நடிக்கிறவர். அவரைப் பக்கத்தில் பார்க்கும் ஆசையில்தான் சம்மதித்தாள்.

மூன்றாம் நாளே ஆசை வடிந்துவிட்டது. மதாமுக்குக் காபி ஆறிப்போயிருந்தது, ஹோட்டல் தலையணை கல்லாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ராஜகுமாரிதான் போய் இங்கிலீஷில் சொல்லி முறைப்பு வாங்கினாள். நிருபர்கள் அதைவிட மோசம். மதாம் எழுதிய பதினோரு நாடகங்களில் ஒன்றைப் பற்றியாவது ஒருவரும் கேட்கவில்லை. வயது என்ன, எத்தனை கணவர்கள், தொப்பி எங்கே வாங்கியது. வந்தவர்கள் எல்லாரும் இதையே கேட்க, அவளும் ஒவ்வொரு தடவையும் கூசிக்கொண்டே அதைப் பிரெஞ்சில் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கணவன் அருமைநாதனிடம் புலம்பினால், கேட்டதைச் சொல்லிவிட்டு வரவேண்டியதுதானே என்றான். அதில் அவளுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

ஐந்தாம் நாள் ரேடியோவில் நேரடிப் பேட்டி. அறிவிப்பாளர் எடுத்த எடுப்பில் கணவர்களைப் பற்றிக் கேட்டார். ராஜகுமாரி அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டுப் பிரெஞ்சில் தன் கேள்வியைக் கேட்டாள்.

"உங்க நாடக ஒத்திகையில பார்த்தேன், மதாம். மகன் செத்த சேதி வந்தப்புறமும் அந்தத் தாய் பேசாம ரொட்டியை வெட்டிக்கிட்டே இருக்கா. ஏன் அழல?"

மதாம் அவளைத் திரும்பிப் பார்த்தார். "அவ அழுதா, பார்க்கிறவங்களும் கூட அழுதுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவாங்க. அவங்களை அப்படி அனுப்ப எனக்கு மனசில்ல."

ராஜகுமாரி அதை இங்கிலீஷில் சொன்னதும் அறிவிப்பாளர் விழித்தார். இது எந்தக் கணவரைப் பற்றி என்றார். மதாம் மைக்கை இழுத்துக்கொண்டு, தன் வேலையைப் பற்றி இந்த ஊரில் கேட்டவள் இந்தப் பெண் ஒருத்திதான் என்றார், சுத்தமான இங்கிலீஷில்.

காரில் ஏறியதும் ராஜகுமாரி வெடித்தாள். "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்னா அஞ்சு நாளா என்னை எதுக்கு அலைய விட்டீங்க?"

"அந்தக் கேள்விங்களுக்குக் கோபப்படாம பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் வேணும். நீங்க பேசற நேரம்தான் அது," என்றார் மதாம். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அமைப்பாளர்கள் போன் செய்து, மதாமுக்கு இங்கிலீஷ் வருவதால் இனி அவள் வரவேண்டாம் என்றார்கள். ராஜகுமாரி போனை வைத்தாள். மதாம் மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது. அவர் சொன்ன பதிலும் மனதை விட்டுப் போகவில்லை. மிச்சமிருந்த லீவில் அவள் யாருக்காகவும் ஒரு வார்த்தைகூட மொழிபெயர்க்கவில்லை.