மூணாவது ஓலை

வியாழக்கிழமை சாயங்காலம் டிவியில அந்தச் சேதி ஓடுனப்ப நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். சென்னையில இருக்குற தனியார் ராக்கெட் கம்பெனி ஒரே நாள்ல முந்நூறு பேரை வீட்டுக்கு அனுப்பிருச்சாம். என் மக ஷர்லி வேலை பாக்குற கம்பெனி. ராக்கெட்டோட எரிபொருள் தொட்டியில கசிவு இருக்கான்னு சோதிக்கிற பிரிவு அவளுது. போன வருசம் பதவி உயர்வு வந்து, பதினோரு பேருக்கு இப்ப அவதான் மேலதிகாரி.

ஒடனே போனைப் போட்டேன். எடுக்கல. நாலாவது தடவை எடுத்து, "ஞாயித்துக்கிழமை வாரேன்ல, நேர்ல சொல்றேம்மா"ன்னு வச்சுட்டா. வேலை இருந்தா இருக்குன்னு ஒத்த வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு? நேர்ல சொல்றேன்னா போயிருச்சுன்னுதானே அர்த்தம்.

கல்யாணத்துக்கு இன்னும் இருவது நாள்தான் இருந்துச்சு. எங்க மாதா கோயில் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை பூசையில ஓலை வாசிப்பாங்க. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிஞ்சா சாமியார்கிட்ட சொல்லுங்கன்னு. ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. மாப்பிள்ளை நிலவழகனுக்கு ஊரு அரிமளம், கரண்ட் ஆபீஸ்ல வேலை. அவரு தங்கச்சி சுடர்விழி என் மகளுக்குக் கீழதான் வேலை பாக்குது. அந்தப் புள்ள போய் "எங்க மேடம் மாதிரி பொண்ணு கிடைக்காதும்மா"ன்னு அவங்க அம்மாகிட்ட சொல்லித்தான் இந்தச் சம்பந்தமே வந்துச்சு. பொண்ணு பாக்க வந்தப்ப சம்பந்தியம்மா சொன்ன முதல் வார்த்தை, "ராக்கெட் கம்பெனிப் பொண்ணு எங்க வீட்டுக்கு வருதுன்னு தெருவெல்லாம் சொல்லிட்டேன்." அந்த வேலை போனா, பொண்ணை மட்டும் வச்சுக்குவாங்களா?

ஊரு வாயை மூட முடியுமா? வெள்ளிக்கிழமை ஆலங்குடி பஸ்ஸுல ஏறுறேன், கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிறதுக்கு முன்னாடி துக்கம் விசாரிக்கிறாரு. டீக்கடை பிச்சைமுத்து, ஏதோ தெனம் ரெண்டு ராக்கெட் விடுறவரு மாதிரி, "தனியார்னாலே இப்படித்தான், கவர்மென்ட்டுல சேந்திருக்கணும்"கிறாரு. அவரு மகன் பத்தாவதையே மூணு தடவை எழுதினவன். எதுத்த வீட்டுக்காரர் செபமாலை, "ராக்கெட்டு ஆளே இல்லாமத்தான மேல போவுது, கீழ எதுக்கு இத்தனை ஆளு?"ன்னு கேட்டாரு. சிரிக்கிறதா அடிக்கிறதான்னு தெரியல. கோயில் வாட்ஸ்அப் குரூப்ல யாரோ அந்தச் செய்தியைப் போட, கீழ நாப்பது பேரு கும்பிடுற கையைப் போட்டிருந்தாங்க. ஒருத்தரும் என் மக பேரைச் சொல்லல.

"சம்பந்தி வீட்டுக்கு நாமளே சொல்லிருவமா?"ன்னு என் வீட்டுக்காரர் ஆரோக்கியதாஸ் கேட்டாரு.

"வாயைத் தொறந்தீங்க, தெரியும் சேதி. மூணாவது ஓலை முடியட்டும்"னுட்டேன். ஆமா, மறைக்கத்தான் நெனைச்சேன். எனக்கு என் மக கல்யாணம் நடக்கணும், அவ்வளவுதான்.

மனுசன் வாயைத் தொறக்கல. அதைவிடப் பெரிய வேலை பாத்து வச்சிருந்தாரு.

ஞாயித்துக்கிழமை சம்பந்தியம்மா எங்க ஊருக்கே பூசைக்கு வந்திருந்தாங்க. பூசை முடிஞ்சு எல்லாருமா புதுக்கோட்டைக்குப் போய் முகூர்த்தப் பட்டு எடுக்கிறதா ஏற்பாடு. அவங்கள என் பக்கத்துலயே உக்கார வச்சேன். ஷர்லி வந்த பஸ்ஸு லேட்டு, இன்னும் வந்து சேரல. பூசை தொடங்கறப்ப உபதேசியார் மைக்கைப் புடிச்சு, இன்னைக்குப் பூசை யார் யாரு என்னென்ன வேண்டுதலுக்காகன்னு வாசிச்சாரு. "மகள் ஷர்லியின் வேலை நிலைக்க வேண்டி, ஆரோக்கியதாஸ் குடும்பத்தார்."

பூசைக்கு எழுதிக் குடுத்தா மைக்குல வாசிப்பாங்கன்னு, அம்பது வருசமா கோயிலுக்கு வர்ற ஆளுக்குத் தெரியாதா? ஆம்பளைங்க பக்கம் திரும்பிப் பாத்தேன். கண்ணை மூடி உருக்கமா வேண்டிக்கிட்டு இருக்காரு. அங்கேயே நாலு வாங்கு வாங்கியிருப்பேன், சாமியார் பீடத்துக்கு வந்துட்டாரு.

கோயிலே என்னைத் திரும்பிப் பாத்துச்சு. சம்பந்தியம்மா மட்டும் பாக்கல. முந்தானையால மூஞ்சியப் பொத்திக்கிட்டாங்க. சரி, முடிஞ்சுதுன்னு நெனைச்சேன். ஒரு செபமும் எனக்கு ஓடல. கடைசியில சாமியார் ஓலையை வாசிச்சு, "தடை ஏதும் தெரிந்தால்"னு சொன்னப்ப, இந்த அம்மா எந்திரிச்சிருவாங்களோன்னு அவங்க சேலையையே பாத்துக்கிட்டு இருந்தேன். அவங்க எந்திரிக்கல.

வெளிய வந்தா வேப்பமரத்தடியில ஷர்லி பையோட நிக்கிறா. மூஞ்சியே செத்துப்போய்க் கிடந்துச்சு.

"போயிருச்சாடி?"

"என் வேலை இருக்கும்மா."

எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு. மாதாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லி முடிக்கல, அவ சொன்னா: "என் பிரிவுல நாலு பேரை வேலையை விட்டுத் தூக்கணும், பேரை நீயே எழுதிக் குடுன்னாங்க. கடைசியாச் சேந்த நாலு பேரை எழுதினேன். அதுல சுடர்விழியும் ஒருத்தி. நமக்குச் சொந்தமாகப் போறவளை மட்டும் விட்டா, மத்த மூணு பேரு மூஞ்சியில எப்படிம்மா முழிப்பேன்?"

மூணு நாளா செபமாலை மணியை விடாம உருட்டியிருக்கேன், அந்தப் புள்ள ஞாபகமே எனக்கு வரல. அதுவும் அதே கம்பெனிதானேன்னு ஒரு தடவைகூட நெனைக்கல. வெக்கமா இருந்துச்சு. அதைவிடப் பயமா இருந்துச்சு.

அதுக்குள்ள சம்பந்தியம்மா வந்து ஷர்லி கன்னத்தை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாங்க. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு.

"சுடருக்கும் போயிருச்சு கண்ணு. மெயில் வந்த ஒடனே வாசல்ல கொண்டாந்து விட்டுட்டாங்களாம், யாரு போனா யாரு இருக்கான்னே தெரியலயாம். 'அண்ணி இருந்திருந்தா என்னை விட்டுக் குடுத்திருக்க மாட்டாங்கம்மா, அவங்களத்தான் முதல்ல தூக்கியிருப்பாங்க'ன்னு சொல்லிச் சொல்லி அழுவுறா. ஒங்க மனசு கஷ்டப்படும்னுதான் நான் போன்கூடப் பண்ணல. உள்ள ஒன் பேரை வாசிச்சதும் எனக்குத் தாங்கல. வேலை போனாப் போவுது, நீ எங்க வீட்டுப் புள்ள."

நான் பின்னாடியிருந்து ஷர்லி மணிக்கட்டை இறுக்கிப் புடிச்சேன். பேசாத, கல்யாணம் முடியட்டும்னு அர்த்தம். அவளுக்குப் புரிஞ்சுது. கையை உருவப் பாத்தா, நான் விடல.

"அத்தை, எனக்கு வேலை போகல"ன்னா. "சுடர் பேரை எழுதிக் குடுத்ததே நான்தான்."

அந்த அம்மா கையை மெதுவா எடுத்தாங்க. அப்புறம் என்னைப் பாத்து, "ஒங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாங்க. இப்பத்தான் தெரியும்னு சொல்ல வாயெடுத்தேன். அவங்க கண்ணு என் கைக்குப் போயிருச்சு. ஷர்லி மணிக்கட்டை நான் இன்னும் விடாமப் புடிச்சுக்கிட்டு இருந்தேன்.

"பட்டு இன்னொரு நாளைக்கு எடுத்துக்கலாங்க"ன்னு சொல்லிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துட்டாங்க. எந்த நாளுன்னு சொல்லல. அப்புறந்தான் ஷர்லி கையை விட்டேன்.