தறிக்குழியில் ஒரு கூழ்ச் சொம்பு

கொல்லைக் கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் கற்பகம் பானையின் மூடியைத் திறப்பாள். தாழ் போட்ட பிறகு ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள். அப்புறம் பக்கத்து வீட்டுச் சுவர்ப் பக்கம் காது கொடுத்துக் கேட்பாள். அந்த வீட்டுச் சின்னபொண்ணு நூல் சுற்றுகிற ராட்டினச் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தால் சரி. நின்றுவிட்டால், திறந்த மூடி திரும்பவும் பானையில் ஏறிவிடும். பார்க்கிறவர்கள் ஏதோ சாராயம் காய்ச்சுகிற வீடு என்று நினைத்துக்கொள்ளலாம். பானைக்குள் இருந்ததோ முந்தின நாள் கிண்டிப் புளிக்கவைத்த கேழ்வரகுக் கூழ்.

அது எழுபத்தெட்டாம் வருஷம், சித்திரை மாதம். ஆரணியில் அப்போதெல்லாம் காலையில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் தறிச் சத்தம் கூடவே நடந்து வரும். ஒரு வீட்டு ரேடியோவில் விட்ட பாட்டை அடுத்த வீட்டு ரேடியோவில் பிடித்துக்கொள்ளலாம். தெருவை அடைத்து, கஞ்சி போட்ட பாவு நூலை நீட்டியிருப்பார்கள். சைக்கிளில் வருகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவானே தவிர, ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டான். யார் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது தெருவுக்கே தெரியும். இன்றைக்கு நினைத்தால் அதுதான் அந்தத் தெருவின் அழகு. அன்றைக்குக் கற்பகத்துக்கு அதுதான் பெரிய பேஜார்.

அவள் புருஷன் சுப்பராயலு பட்டுத் தறி நெய்கிறவர். குழித்தறி. குழிக்குள் இரண்டு கால்களையும் விட்டு மிதித்து மிதித்துத்தான் சேலை வளரும். மிதிபலகை உரசியதில் பொங்கல் சமயத்தில் இடது கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்தது. மாசி முடிந்தும் ஆறவில்லை. கடைத்தெரு டாக்டர் ஜெயச்சந்திரன் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை வியாதி என்றார்.

"மாத்திரை நான் தரேன். சாப்பாடு உங்க கையிலதான் இருக்கு" என்று அவர் கற்பகத்தைப் பார்த்துச் சொன்னார். "இந்தத் தீட்டின வெள்ளை அரிசியக் குறைச்சிடுங்க. கறி, டால்டா, ஸ்வீட் எதுவும் வேணாம். களியோ கூழோ அளவா குடுங்க. கீரை, பயறு, காய் நிறைய குடுங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்லம்மா, தினமும். இல்லன்னா முதல்ல விரல் போகும். அப்புறம் காலே போகும்."

கால் போனால் குழித்தறியில் உட்கார்ந்து அவர் என்ன செய்வார் என்பதைக் கற்பகத்துக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கே கேழ்வரகு வாங்கி வந்தாள். பையை முந்தானைக்குள் மறைத்துத்தான் தெருவுக்குள் கொண்டுவந்தாள்.

மறைத்ததற்குக் காரணம் உண்டு. கற்பகம் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். அவள் அப்பா லுங்கி நெய்து பிழைத்தவர். காலையில் கூழ், மத்தியானம் கூழ், பொழுது சாய்ந்தால் களி. தீபாவளி, பொங்கலுக்குத்தான் அந்த வீட்டில் சோறு பொங்கும். கல்யாணமாகி ஆரணிக்கு வந்த முதல் நாள், இலையில் மல்லிகைப்பூவைக் கொட்டினாற்போல் சோறு விழுந்தபோது அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இனி என் அடுப்பில் கூழ்ப்பானை ஏறாது என்று அன்றைக்கே மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பதினாலு வருஷம் அந்த முடிச்சு அவிழவில்லை.

ஆடி மாதம் மட்டும் விதிவிலக்கு. தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிற அன்று, அண்டா முன்னால் கற்பகம்தான் நிற்க வேண்டும். அத்தனை மாவையும் ஒரு கட்டி விழாமல் கிண்டுகிற கை அந்தத் தெருவில் வேறு யாருக்கும் இல்லை. அந்தக் கை எங்கே பழகியது என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

ஆக, டாக்டர் சொன்னதைத் தட்டவும் முடியாது, தெருவுக்குத் தெரியவும் கூடாது. கற்பகம் ஒரு வழி கண்டுபிடித்தாள். கூடத்தில் ஒரு தட்டுச் சோறு எப்போதும் மூடித் தயாராக இருக்கும், வருகிறவர்கள் பார்ப்பதற்காக. கூழ்ச் சொம்பு தறிக்குழிக்குள் அவர் காலடியில் இருக்கும். தறிக்குழிக்குள் எட்டிப் பார்க்கிற வழக்கம் எந்த விருந்தாளிக்கும் கிடையாது அல்லவா?

சுப்பராயலுவுக்கு இந்த ஏற்பாடு ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. நாலு விரல்கடை நெய்வார், குனிந்து ஒரு வாய் குடிப்பார். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியல், சுட்ட கத்தரிக்காய் துவையல், ஒரு நாள் பச்சைப்பயறு, ஒரு நாள் காராமணி. கருவாட்டை மட்டும் நினைத்து நினைத்து ஏங்குவார்.

"கட்டிகினு வந்தப்பவே இத ஊத்தியிருந்தா எனுக்கு இந்த வியாதியே வந்திருக்காதுடி. இவ்ளோ ருசிய எங்க ஒளிச்சி வெச்சிருந்த?"

"மெதுவா பேசுங்க. சின்னபொண்ணு காதுல உழுந்தா சாயங்காலத்துக்குள்ள கோட்டை மைதானம் வரைக்கும் போயிடும்."

ஆனி பிறப்பதற்குள் புண்ணில் தோல் மூடத் தொடங்கியது. டாக்டர் விரலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இப்படியே விடாம போங்க" என்றார். வரும் வழியெல்லாம் கற்பகம் அவர் காலையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

அந்த வாரத்தில்தான் கன்னியம்மாள் வந்து இறங்கினாள்.

கன்னியம்மாள் சுப்பராயலுவின் கூடப்பிறந்த அக்கா. களம்பூரில் ஒரு அரிசி மில்லில் அவள் வீட்டுக்காரர் மேஸ்திரி. அறுப்புக்கு அறுப்பு தம்பி வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி பஸ் மேலே ஏறி வந்துவிடும். எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் அவள் சொல்லிக்கொள்கிற பெருமை அது ஒன்றுதான். தன் மகள் கல்யாணச் சேலையைத் தம்பி தறியில் போட்டிருந்தாள். அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று காட்ட, வரப்போகிற சம்பந்தி சாவித்திரியையும் கூட அழைத்து வந்திருந்தாள். முன்கூட்டி ஒரு கடுதாசி கூடப் போடவில்லை.

மணி பதினொன்று. சுப்பராயலு அப்போதுதான் சொம்பை வாயிலிருந்து எடுத்திருந்தார். அக்கா குரல் வாசலில் கேட்டதும், சொம்பைக் குழிக்குள் தள்ளிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பெண்களும் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரையைத் தடவிப் பார்த்தார்கள். திடீரென்று கன்னியம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னாடா சுப்பு, புளிச்ச வாசன அடிக்குது?"

"அது வந்து... பாவுக்குப் போட்ட கஞ்சிக்கா. மிச்சம் இருந்திச்சி."

கன்னியம்மாளும் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள்தான். குனிந்து குழிக்குள் கையை விட்டுச் சொம்பை எடுத்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"பட்டுப் பாவுக்குக் கேவுரு கஞ்சியா? யாருகிட்ட கத உட்ற? கற பிடிச்சிகினா போவுமா?"

சாவித்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா, பார்க்காத மாதிரி இருக்கிறாளா என்று தெரியவில்லை. கன்னியம்மாளுக்கு மானம் போய்விட்டது. சொம்போடு நேரே சமையற்கட்டுக்குப் போனாள்.

"என் தம்பி பட்டு நெய்யறான். அவனுக்கு நீ கூழ ஊத்திகினு இருக்கியா? மூட்ட மூட்டயா அரிசி அனுப்பறனே, அது இன்னா ஆச்சி? உங்க ஊட்டுப் பழக்கத்த இங்க கொணாந்துட்டியா கற்பகம்?"

அந்தக் கடைசி வார்த்தை பதினாலு வருஷத்தைத் தாண்டி வந்து கற்பகத்தின் மார்பில் இறங்கியது. பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்த சுப்பராயலு, "சக்கர இருக்குதுக்கா, டாக்டரு சொன்னாரு" என்றார், சம்பந்திக்குக் கேட்காத குரலில்.

"அதுக்குத்தான் மாத்தர குடுத்திருக்காரு இல்ல? மாத்தரைய முழுங்கு, சோத்த தின்னு. ஊருல இல்லாத வியாதியா உனக்கு மட்டும் வந்திருக்குது?"

அன்று மத்தியானம் சோறு, கறிக்குழம்பு, டால்டாவில் கிளறிய கேசரி. கூழ்ப்பானை பரண் மேல் ஏறிவிட்டது. அக்கா ஊருக்குப் போன பிறகும் அது இறங்கவில்லை. சுப்பராயலு இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார்.

"உங்க அக்கா வாயில உழ என்னால ஆவாது. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. மாத்தர போட்டுகினுதான இருக்கீங்க?"

அவர் தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். சோறு ஒன்றும் கசக்கிற வஸ்து இல்லையே!

ஆடி பாதி ஓடியபோது புண் வாயைத் திறந்துகொண்டது. ஓரத்தில் கறுப்புத் தட்டியது. டாக்டர் ஜெயச்சந்திரன் கட்டைப் பிரித்து அந்த ஓரத்தை அமுக்கிப் பார்த்தார். பிறகு, "என்ன சாப்பிட்டாரு?" என்று மட்டும் கேட்டார். கற்பகம் தரையைப் பார்த்தாள்.

"மருந்த மாத்தித் தரேன். சாப்பாட்டுல இனிமே விளையாடாதீங்க. பத்து நாள் பாக்கறேன். தேறலன்னா வேலூருக்கு அனுப்பறதத் தவிர வேற வழியில்ல. அங்க போனா கால எடுத்துடுவாங்கம்மா."

இவ்வளவு கேட்டும் அன்றைக்குப் பானை பரணிலிருந்து இறங்கவில்லை என்று சொன்னால் நம்புவது கஷ்டம். ஆனால் அதுதான் நடந்தது. நாலு நாளில் கோயிலில் கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை. அண்ணி கன்னியம்மாள் வருவாள், சம்பந்தியம்மாவும் வருவாள். அவர்கள் வந்து போகட்டும், திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கற்பகம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம். பம்பைச் சத்தத்தில் தறிகள் வாயை மூடிக்கொண்டிருந்தன. சொம்பு, தூக்கு, டிபன் கேரியர் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஜனம் வரிசையில் நின்றது. ஜவுளிக்கடைக்கார வீட்டு அம்மாள் வெள்ளிக் கூஜா எடுத்து வந்திருந்தாள். அண்டா முன்னால் கற்பகம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கரண்டியோடு நின்றாள். வருஷத்தில் அவள் தலை நிமிர்ந்து நிற்கிற நாள் அது.

கன்னியம்மாள் முதல் ஆளாக வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தாள்.

"அமிர்தம்டி கற்பகம்! ஒரு கட்டி இல்ல. இன்னொரு சொம்பு ஊத்து, அந்தக் கீரையும் கொஞ்சம் வை."

சாவித்திரியும் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "எங்க ஊருல யாருக்கும் இப்படிக் கிண்ட வராதும்மா" என்றாள்.

அப்போதுதான் வரிசையில் சுப்பராயலு வந்தார். ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார். கால் கட்டில் மஞ்சளாக நீர் கசிந்திருந்தது. கையில் சொம்பு. அதன் மேல் துண்டு போட்டு மூடியிருந்தார்.

கன்னியம்மாள் சிரித்துவிட்டாள். "இன்னிக்கி இன்னாத்துக்குடா மூடிகினு வர? சாமி கூழுடா இது!"

அவரும் குனிந்து பார்த்தார். துண்டு போட்டதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருக்கிறது. "பழக்கமாயிடிச்சிக்கா" என்றார், அசட்டுச் சிரிப்போடு. யாரையும் குத்திக் காட்டுகிற சுபாவம் அவருக்குக் கிடையாது. சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

கற்பகத்தால் சிரிக்க முடியவில்லை. ஊரே திறந்த சொம்போடு நிற்கிற நாளில் தன் புருஷன் ஒருவர் மட்டும் மூடிக்கொண்டு நிற்கிறார். அந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தது யார்? கரண்டியை அண்டாவிலேயே விட்டுவிட்டாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. நீங்க குடிச்சீங்களே, இது இன்னா?"

"இது இன்னா கேள்வி? அம்மன் கூழு."

"நாளைக்கி இதே மாவ, இதே கையால கிண்டி உங்க தம்பிக்கு ஊத்தினா? அது மட்டும் தரித்திரமா?"

கன்னியம்மாள் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். கற்பகத்துக்கு இப்போது கண்ணீரும் பேச்சும் சேர்ந்தே வந்தன.

"பத்து நாள்ல தேறலன்னா கால எடுத்துடுவாங்களாம் அண்ணி. அதுல நாலு நாளு ஓடிப்போச்சி. இந்த நாலு நாளும் நான் சோறுதான் போட்டேன். நீங்க வரீங்க, சம்பந்தியம்மா வராங்க, பாத்தா இன்னா நெனைப்பாங்கன்னு போட்டேன். உங்க மேல தப்பு இல்ல. மூடி வெச்சது நானு."

பம்பைக்காரர் கூட அடிப்பதை நிறுத்தியிருந்தார். சாவித்திரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எங்க ஊட்டுக்காரருக்கும் சக்கரதாம்மா. சம்பந்தி ஊட்டுக்குத் தெரிஞ்சா கௌரவம் இன்னா ஆவறதுன்னு, களிய தூக்குல போட்டு மேல கொஞ்சம் சோத்த பரப்பி கடைக்கு அனுப்பறேன்."

கன்னியம்மாள் சம்பந்தியைப் பார்த்தாள், தம்பியின் காலைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே பெருமை அந்த இடத்தில் நொறுங்கியிருக்க வேண்டும். தம்பி கையிலிருந்த சொம்பின் மேல் கிடந்த துண்டை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"மூடாதடா" என்றாள். கற்பகத்தின் பக்கம் திரும்பினாள். "ஊத்து கற்பகம். நாளைக்கும் ஊத்து."

அந்த விரல் பிழைத்ததா என்று கேட்பீர்கள். பிழைத்தது. பத்தாவது நாள் டாக்டர் இன்னும் பத்து நாள் கொடுத்தார். மருந்து, கட்டு, களி, கீரை என்று கார்த்திகை வரை இழுத்து, நகம் மட்டும் கோணலாக முளைத்தது. கல்யாணச் சேலையும் அதே கால் மிதித்து நெய்து முடித்ததுதான். இன்று அந்தத் தெருக் கடைகளிலேயே கேழ்வரகு மாவை வண்ண வண்ணப் பாக்கெட்டில் போட்டு, அரிசியை விட அதிக விலை வைத்து விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் பெருமையாகத்தான் எடுத்துப் போகிறார்கள்.

ஆனால் அந்தப் பெருமை அந்தத் தெருவில் தொடங்கியது கோயில் கூழுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலையில். அன்று கொல்லைக் கதவு தாழ் போடாமல் கிடந்தது. கற்பகம் பானையைத் தூக்கி வந்து வாசற்படியில் வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி கரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ராட்டினம் நின்றது. சின்னபொண்ணு எட்டிப் பார்த்தாள்.

"இன்னா கற்பகம், நேத்து கோயில் கூழு மிஞ்சிடிச்சா?"

"இல்ல சின்னபொண்ணு, இது எங்க ஊட்டுக் கூழு" என்றாள் கற்பகம், உள்ளே தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கிற குரலில். "இத்தினி நாளா பாக்கறவங்க கண்ணுக்கு சமைச்சிகினு இருந்தேன். இனிமே தின்றவரு உடம்புக்கு சமைக்கறேன்."